சஹனில் இறைச்சியைத் தொடாத மருமகள்



வலீமா வீடொன்றில் எல்லோரும் சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கிறீர்கள். மருமகள் ஒருத்தி மாத்திரம் இறைச்சித் துண்டை ஒதுக்கிவிட்டுச் சோற்றையும் அச்சாறையும் எடுத்துச் சாப்பிடுகிறாள். உடனே கேள்விகள் பறக்கின்றன. “என்ன மகள், டயட்டா?” “எங்கட ஆக்கள் இறைச்சி சாப்பிடாம இருக்கிறதா?” “மாமி வீட்டுச் சாப்பாடு பிடிக்கல்லையோ?” டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். இறைச்சியை விட்டுவிட்டு மரக்கறியோடு அதைச் செய்ய அவள் விரும்பினாள். நடந்தது அவ்வளவுதான்.

இப்படி இருப்பது குற்றமா? இல்லை. இறைச்சி ஹலால் என்றால் அதை உண்ண அனுமதி உண்டு என்பதே பொருள். உண்டே ஆக வேண்டும் என்ற கடமை எவர் மீதும் இல்லை. ஒருமுறை நபி (ஸல்) அவர்களுக்கு முன்னால் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அவர்கள் அதை உண்ணவில்லை. இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் கேட்டார்கள். ஹராம் இல்லை, தமது ஊரில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று நபியவர்கள் விளக்கினார்கள். காலித் (ரழி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

உண்ணாதவர் உண்டவரைத் தடுக்கவில்லை. உண்டவர் உண்ணாதவரைக் குறை கூறவில்லை. நாமும் அப்படியே இருக்க வேண்டும். எனினும் மரக்கறி உண்ணும் சகோதரி ஒன்றைக் கவனிக்க வேண்டும். “இறைச்சி உண்பது பாவம்” என்று அவர் சொல்லத் தொடங்கினால் விடயம் மாறிவிடும். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராமாக்கிக்கொள்வதை அல்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 87ஆம் வசனம் தடுக்கிறது.

அடுத்து, இறைச்சியை விட்டால் எடை குறைந்துவிடுமா? விட்டால் மாத்திரம் போதாது. பராட்டா, மரக்கறி ரோல்ஸ், கட்டித் தேங்காய்ப்பால் கறி, சீனி போட்ட தேநீர் ஆகியவற்றிலும் இறைச்சி இல்லை. ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. தட்டில் பாதியைக் கீரை, மரக்கறிகளால் நிரப்புங்கள். கால் பங்கு பருப்பு, கடலை, பயறு அல்லது முட்டை. மீதிக் கால் பங்கே சோறு. வல்லாரை, முருங்கை இலையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறையும். வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. முட்டையும் பாலும் சேர்க்காதவர்கள் அதைக் குளிசையாக எடுக்க வேண்டியிருக்கும்.

இதனால்தான் “நான் இறைச்சி சாப்பிடுவதில்லை” என்று டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்போர்மின் நீண்டகாலப் பாவனையில் பி12ஐக் குறைக்கலாம். எடை குறைக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் புரதத்திலும் விட்டமின்களிலும் ஆயுள் முழுவதும் கவனம் தேவை. கிளினிக்கில் கோழியும் மீனும் எழுதிய உணவுப் பட்டியலைத் தந்தால் அதைக் கொண்டுவந்து அலுமாரியில் வைக்காதீர்கள். அங்கேயே பருப்பும் கடலையும் உள்ள வேறொன்றைக் கேளுங்கள்.

மருந்தைப் பற்றியும் கேட்க வேண்டும். இதனால் என்ன நன்மை? என்ன பக்கவிளைவு? நிறுத்தினால் என்னவாகும்? கெப்சியூல் உறையிலுள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது? வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசியை எடை குறைப்புக்காக அமெரிக்கா 2021இல் அங்கீகரித்தது. அதை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்ப வந்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தை பெற எண்ணியிருப்பவர்கள் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். இதையெல்லாம் அறிந்த பிறகே “சரி” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்லுங்கள். ஆனால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் குளிசைகளை டொக்டரிடம் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கணவர்மாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. “மெலிந்து வா” என்று நெருக்குவதும், “சாப்பிடு, சாப்பிடு” என்று நெருக்குவதும் ஒன்றுதான். உடல் அல்லாஹ் அவளிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கு எந்தச் சிகிச்சை, எந்த உணவு என்று டொக்டரின் ஆலோசனையோடு முடிவு செய்ய வேண்டியவள் அவளே. நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அடுப்பில் எண்ணெயைக் குறைத்து, பருப்புச் சட்டியைக் கொஞ்சம் பெரிதாக வைப்பதாகும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தேகாரோக்கியத்தைத் தந்தருள்வானாக.