தலைவலிக்கு விஷ ஊசியா?

தலைவலியை நம் ஊர்களில் யாரும் ஒரு வியாதியாகவே மதிப்பதில்லை. சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவார்கள்; தைலம் தடவுவார்கள்; கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். அத்தோடு தீர்ந்தது என்று நினைப்பு. ஆனால் மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு எழுந்து தலைவலியோடு படுக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி?

ஒற்றைத் தலைவலி வந்தவருக்குத்தான் அதன் கொடுமை தெரியும். மண்டையில் ஒரு பக்கம் விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வயிற்றைப் புரட்டும். பெங்களூர் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று விசாரித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டில் 100 பேரில் 25 பேருக்கு இது வந்திருந்தது. பெண்களே அதிகம். இவர்களில் சிலருக்கு நோய் முற்றிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி இருந்து, அவற்றில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியாக இருந்தால், அதை நாட்பட்ட நோய் என்கிறார்கள் டாக்டர்கள்.

இந்த நாட்பட்ட நோயைத் தடுக்க ஓர் ஊசி உண்டு. அதில் இருப்பது போட்டுலினம் என்ற கொடிய விஷம்! கெட்டுப்போன இறைச்சியில் உண்டாகி ஆளைக் கொல்லும் விஷம் இது. ஜெர்மானிய வைத்தியர் யுஸ்டினுஸ் கெர்னர் 1820, 1822-ஆம் ஆண்டுகளில் இதைப் பற்றி நூல்கள் வெளியிட்டார். அளவறிந்து கொடுத்தால் இதுவே மருந்தாகலாம் என்றும் சொல்லி வைத்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்போம். அளவோடு நின்றால் நஞ்சும் மருந்து என்று அவர் கண்டார். அமெரிக்கக் கண் டாக்டர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். 1989-இல் அந்நாட்டு அனுமதி கிடைத்தது. பிறகு முகச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலர், "தலைவலியும் குறைந்திருக்கிறதே!" என்றார்கள். ஆராய்ச்சிகள் நடந்தன. 2010-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இதை அனுமதித்தன.

நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் ஆகிய இடங்களில் 31 சிறு ஊசிகள். 12 வாரத்துக்கு ஒரு முறை. வலியைக் கடத்தும் நரம்பு முனைகள் வலியூட்டும் பொருள்களைக் கொட்டாதபடி மருந்து தடுத்துவிடுகிறது. சிலருக்குக் கழுத்து வலிக்கலாம். இமை சற்றுத் தொங்கலாம்.

பலன் எவ்வளவு? சுமார் 1,400 பேரிடம் நடந்த சோதனையில், மாதத்தில் ஏறக்குறைய 20 நாள் இருந்த தலைவலி, மருந்து போட்டவர்களுக்கு எட்டு நாளுக்கு மேல் குறைந்தது. வெறும் உப்பு நீர் ஊசி போட்டவர்களுக்கும் ஆறரை நாள் குறைந்தது! ஆகவே மருந்தின் சொந்தப் பலன் சராசரியாக இரண்டு நாள். இது மந்திரமும் அல்ல, மோசடியும் அல்ல. சிலருக்கு நல்ல குணம் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். தென்காசி மாவட்டத்தின் கரிசல் பூமியில் இருக்கிறது திருவேங்கடம். சுற்றிலும் தீப்பெட்டி ஆபீஸ்கள். அங்கே வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். மறுநாளும் மாத்திரை, அதற்கு மறுநாளும் மாத்திரை.

இங்கேதான் ஆபத்து! சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ, பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் தின்றால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கிவிடும். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் வலி என்று செக்கு சுற்றும்.

இந்தப் பெண்ணுக்கு எடுத்த எடுப்பிலேயே விஷ ஊசி வேண்டியதில்லை. வீட்டுக் காலண்டரில் தலைவலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் குறித்து வரட்டும். அதை டாக்டரிடம் காட்டட்டும். நோயைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. புரோபிரனலால், அமிட்ரிப்டிலின் இரண்டும் பழைய மருந்துகள், விலையும் குறைவு. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோபிரனலால் ஆகாது. ஆகவே டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. பிரிட்டனின் 2012-ஆம் ஆண்டு விதியும் இந்த வரிசைதான்: மூன்று தடுப்பு மருந்துகளாவது பலிக்காவிட்டால்தான் ஊசி; இரண்டு முறை போட்டும் தலைவலி நாட்கள் 100-க்கு 30 பங்கு குறையாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

சர்க்காருக்கு நாம் சொல்வது இரண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். "மாதத்தில் எத்தனை நாள் தலைவலி? எத்தனை மாத்திரை தின்கிறீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் கேட்கட்டும். மாத்திரைகளால் குணம் காணாத சிலருக்கு, திருநெல்வேலி போன்ற ஊர்களின் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி இலவசமாகக் கிடைக்கட்டும். வெளியே போட்டால் பல ஆயிரம் ரூபாய். மிச்சமாகும் இரண்டு நாள் கூலி அதற்குக் காணுமா? பணம் படைத்தவருக்குச் சுருக்கம் நீக்கும் மருந்து, பாடுபடுகிறவரின் வலியை நீக்கவும் பயன்பட வேண்டாமா?

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டு மூலையில் படுத்திருக்கும் பெண்ணை, "வேலைக்குச் சோம்பல்" என்று ஏசாதீர்கள். அவள் தலைவலியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை 15-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.