மார்க்கமும் வாழ்வும்: இத்தாவில் வந்த கடதாசி

கேள்வி: என் கணவர் சைக்கிளில் போகும்போது வேன் மோதி வஃபாத்தானார். மூன்று சின்னப் பிள்ளைகள். மாமியும் எங்களோடு இருக்கிறார். நான் இத்தாவில் இருக்கிறேன். வேன்காரரின் காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒரு தொகை தருவதாகச் சொல்லி ஒப்பம் கேட்கிறார்கள். 'வாங்கிக்கொண்டு முடியுங்கள்' என்கிறார் மச்சான். இந்தப் பணம் ஹலாலா?

பதில்: அன்புச் சகோதரியே, அல்லாஹ் உங்கள் கணவரைப் பொருந்திக்கொள்வானாக.

1985இல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அறிஞர் சபை வணிகக் காப்புறுதி ஒப்பந்தத்தையே கூடாது என்றது. அந்த ஒப்பந்தத்தைச் செய்தவர் நீங்களல்ல. தவறுதலாக உயிர் போனால் குடும்பத்துக்குத் தியத் கொடுக்கவேண்டும் என்று சூரா நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. உங்களுக்குச் சேரவேண்டியதை வேன்காரருக்காகக் கம்பனி தருகிறது. தாராளமாக வாங்கலாம்.

எனக்குக் கவலை அந்தக் கடதாசிதான். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று அதில் இருந்தால், ஒப்பமிட்ட பின் ஒரு சதமும் கேட்கமுடியாது. கம்பனி இரக்கத்தால் தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓடக்கூடாது. சாரதி மீது பிழையிருந்தால் கம்பனி பொறுப்பேற்கவேண்டும். உங்கள் கணவரிலும் பிழை இருந்தது என்று காட்டினால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தளவு குறையும், முழுதும் போய்விடாது. கணவர் மாதம் எவ்வளவு உழைத்தார், வீட்டுக்கு எவ்வளவு தந்தார், இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பார் என்பவற்றை வைத்துத்தான் கணக்கு. முதலில் சொல்லும் தொகையே கடைசித் தொகை என்று எண்ணவேண்டாம்.

அவசரம் எதற்கு? விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். உங்கள் இத்தாவோ நான்கு மாதமும் பத்து நாளும்; கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. சட்டத்தரணியை வீட்டுக்கு அழைக்கலாம். தேவைக்காகப் பகலில் வெளியே போவதும் ஆகும்.

பொலிஸ் அறிக்கை, மரண விசாரணை அறிக்கை, மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விவாகப் பதிவும் வேண்டும். (நிக்காஹ் முடிந்தது, பதிவைப் பிறகு பார்ப்போம் என்கிற வாப்பாமார் இதைக் கவனிக்கட்டும். பதிவில்லாவிட்டாலும் நிக்காஹ் செல்லும்; ஆனால் கம்பனிக்காரரிடம் நிரூபிக்க அலையப்போவது உங்கள் மகள்தான்.)

நீதிமன்றம் அவரவர் இழப்பைக் கணித்து அவரவர் பெயரில் கொடுத்தால் அது அவரவருடையது. ஒரே தொகையாக வந்தால், தியத்தைப் போல் கடனை அடைத்துவிட்டு வாரிசுகளுக்குப் பங்கிடவேண்டும். உங்களுக்கு எட்டிலொன்று, மாமிக்கு ஆறிலொன்று, மாமா உயிரோடிருந்தால் அவருக்கும் ஆறிலொன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு. அந்தச் சிறுவர்களின் பங்கை விட்டுக்கொடுக்க மச்சானுக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. இதை மச்சானிடம் வாசித்துக் காட்டுங்கள்.

மஹர் பாக்கி பற்றிக் கேட்ட சகோதரிக்கு அடுத்த இதழில் பதில் வரும், இன்ஷா அல்லாஹ்.