கப்பலில் கரன்ட் போனால் என்ன ஆகும்?

வீட்டில் கரன்ட் போனால் இன்வெர்ட்டர் கைகொடுக்கும். லைட் எரியும், ஃபேன் சுற்றும். ஆனால், தண்ணீர் மோட்டார் போட முடியாது. சரக்குக் கப்பலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்!

2024 மார்ச் 26, அமெரிக்காவின் பால்டிமோர். அதிகாலை 1.25 மணி. துறைமுகத்திலிருந்து கிளம்பிய ‘டாலி’ என்ற கன்டெய்னர் கப்பலில் திடீரென விளக்குகள் அணைந்தன. நீளம் சுமார் 300 மீட்டர். பணியாளர்கள் 21 பேரில் பெரும்பாலானோர் இந்தியர்கள். மின்சாரம் திரும்பி வந்து, மறுபடியும் போனது. இன்ஜினும் நின்றுவிட்டது. முதல் மின்தடையிலிருந்து சுமார் 4 நிமிடங்களில், ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் கப்பல் மோதியது. பாலம் அப்படியே ஆற்றில் சரிந்தது.

அவ்வளவு பெரிய கப்பலில் அவசர மின்சாரம் இல்லையா? இருக்கும். ‘சோலாஸ்’ என்ற சர்வதேச விதிப்படி அது கட்டாயம்.

* இன்ஜின் அறைக்கு வெளியே, மேல்தளத்தில் தனி ஜெனரேட்டரோ பேட்டரியோ இருக்க வேண்டும். சரக்குக் கப்பலில் அவசர விளக்குகளை 18 மணி நேரம் எரிய வைக்கும் திறன் வேண்டும்.

* ஜெனரேட்டர் என்றால், தானாகவே ஸ்டார்ட் ஆகி 45 நொடிகளுக்குள் மின்சாரம் தர வேண்டும். இல்லாவிட்டால், இடைவெளியை நிரப்ப அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி தேவை.

* ரேடியோவுக்குத் தனி பேட்டரி. குறைந்தது 1 மணி நேரம் தாங்க வேண்டும். அவசர மின் ஏற்பாடு விதிப்படி அமையாத கப்பலில் 6 மணி நேரம்.

விளக்கு, அலாரம், ரேடியோ, ஓரளவு சுக்கான்... இதற்குத்தான் இந்த மின்சாரம். ராட்சத இன்ஜினை ஓட்டும் சக்தி இதற்குக் கிடையாது.

அன்றிரவு கப்பலில் இருந்த பைலட் ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார். உடனே போலீஸார் பாலத்தின் இருபுறமும் வாகனங்களை நிறுத்தினர். பல உயிர்கள் தப்பின. ஆனால், பாலத்தில் குழிகளைச் செப்பனிட வந்தவர்களில் 6 பேர் இறந்தனர். மெக்ஸிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள்.

முதல் மின்தடைக்கு என்ன காரணம்? 2025 நவம்பரில் அமெரிக்க விசாரணை அமைப்பு சொன்னது: சரியாகச் செருகப்படாத ஒரு வயர். அதில் மாட்டியிருந்த லேபிள், வயரை முழுதாக உள்ளே போகவிடாமல் தடுத்திருக்கிறது.

பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் விபத்துக்குப் பிறகான துணைதான். ஒரு வயரை இழுத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிட சோதனைதான் உண்மையான காவல்!