ருஷ்ய மொழியும் ஸ்பானிஷ் மொழியும் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கு?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நமது குடியிருப்புகளில் ஒரே பேச்சுத்தான். பையனுக்கு இன்ஜினியரிங்கா, பி.காமா? பெண்ணுக்கு நர்சிங்கா, டீச்சர் டிரெயினிங்கா? இந்த நான்குக்கு வெளியே படிப்பு என்று ஒன்று இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. ஒரு பெண் வாய் திறந்து, "நான் பல்கலைக்கழகத்தில் ருஷ்ய மொழி படிக்கிறேன்" என்றோ, "ஸ்பானிஷ் இலக்கியம் படிக்கிறேன்" என்றோ சொன்னால், "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் படிப்பது, நமக்குச் சோறு போடுமா?" என்ற பதில் தயாராக இருக்கிறது.

சோறு போடுமா என்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பின்னால் பதில் சொல்லுவோம். ஆனால் "பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்ற சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. நமது கருத்து இதற்கு நேர்மாறானது. உயர்கல்வியில் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு ஓரளவேனும் சமமான தொடக்கம் கிடைக்கிற இடம் ஒன்று உண்டென்றால், அது இந்த அயல்மொழி வகுப்பறைதான்.

எல்லோரும் அரிச்சுவடியில் தொடங்கும் வகுப்பு

ஆங்கில இலக்கிய வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கான்வென்டில் படித்தவன் பன்னிரண்டு ஆண்டு முன்னால் நிற்கிறான். மாநகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த நமது பிள்ளை கடைசி பெஞ்சில் வாய் மூடி உட்காருகிறது. பொறியியல் வகுப்பிலும் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கொட்டியவன் பிள்ளையே முந்துகிறது. ஆனால் ருஷ்ய மொழி பி.ஏ. முதலாண்டில் முதல் நாள் எல்லோருக்கும் ஒரே பாடம்: 33 எழுத்துக்கள். கலெக்டர் மகனும் கொத்தனார் மகளும் ஒரே கரும்பலகையைப் பார்த்து ஒரே எழுத்தைச் சுழித்துப் பழகுகிறார்கள். சில பெரிய தனியார் பள்ளிகளில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பாடம், மொழியே தெரியாதவரை மனத்தில் வைத்துத்தான் தொடங்குகிறது.

இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது? டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1965இல் ருஷ்ய ஆய்வுக்கென்று தொடங்கப்பட்ட நிறுவனம், 1969இல் பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஸ்பானிஷுக்கும் அங்கே தனி மையம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத் ஆங்கில - அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு மொழிகளும் கற்பிக்கப்படுகின்றன. மும்பைப் பல்கலைக்கழகத்தில் ருஷ்ய மொழித் துறை இருக்கிறது. புனேயிலும் அயல்மொழித் துறை உண்டு. நம்மவர்கள் கூலிக்கும் சம்பளத்துக்கும் வந்து சேர்ந்த அதே நகரங்கள்தாம் இவை. பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் கதவு நமக்கு மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும்?

தமிழ் தருகிற கைமுதல்

நமது பிள்ளைகள் வெறுங்கையோடு போவதில்லை. ருஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள் உண்டு. பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்து மாறினால் பொருள் மாறும். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவனுக்கு இது தலைவலி. 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஒப்பித்த பிள்ளைக்கு இது பழைய உறவு. "அவர் ஆசிரியர்" என்று தமிழில் இரண்டே சொல்லில் முடிக்கிறோம். ருஷ்யனிலும் இரண்டே சொல். நடுவில் 'இருக்கிறார்' என்று ஒன்று வேண்டியதில்லை. ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'நான்' என்று தனியாகச் சொல்லாமலே வினைமுற்று ஆளைக் காட்டிவிடுகிறது, நமது 'வந்தேன், போனாய்' போல. அங்கே 'பெரோ' என்றால் 'ஆனால்'; ரகரத்தை அழுத்தி உருட்டி 'பெர்ரோ' என்றால் 'நாய்'. ரகரமும் றகரமும் வேறு என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது எட்டாததல்ல.

மேலும், வெளிமாநிலத்தில் வளரும் நமது பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ மராட்டியோ கன்னடமோ, பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். மூன்று மொழிக்குள் ஓடித் திரியும் பிள்ளைக்கு நான்காவது மொழி மலையல்ல. இதை ஊருக்கும் சேராத, வந்த இடத்துக்கும் சேராத நிலை என்று சிலர் குறையாகப் பேசுகிறார்கள். இது குறையல்ல, கைமுதல்.

மொழி சரி, இலக்கியம் எதற்கு?

பேசத் தெரிந்தால் போதாதா, கதையும் கவிதையும் எதற்கு என்று கேட்கலாம். கார்க்கியைப் பாருங்கள். சிறு வயதிலேயே செருப்புக் கடையில் எடுபிடி. கப்பலில் பாத்திரம் தேய்த்தவர். 1884இல் பதினாறு வயதில் பல்கலைக்கழகத்தில் சேரும் கனவோடு கசான் நகருக்குப் போனார். இடம் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தார், ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்தார். அந்த நாட்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயர் 'எனது பல்கலைக்கழகங்கள்'. செகாவின் பாட்டனார் பண்ணையடிமை. பணம் கொடுத்து விடுதலை வாங்கியவர். 1861 வரை ருஷ்யாவில் உழவர்கள் ஆண்டைகளின் உடைமை. இது நமக்குப் புரியாத வரலாறா?

ஸ்பானிஷ் உலகத்துக்கு வாருங்கள். கொலம்பியாவில் 1928 டிசம்பரில் வாழைத் தோட்டத் தொழிலாளர் அமெரிக்க யுனைட்டட் ஃபுரூட் கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, சியனாகா என்ற ஊரில் ராணுவம் சுட்டது. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளிவந்த தமது நாவலில் அதை எழுதினார். அந்தக் கதையில், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அரசாங்கம் சாதிக்கிறது. ஊரும் அதை நம்பிவிடுகிறது. அந்த நாவல் வந்த அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலப்பிரபுக்களை விடுதலை செய்தது. வெண்மணியை அறிந்த பிள்ளை மார்க்கேஸைப் படிக்கும்போது, ஆசிரியர் விளக்கம் சொல்லும் முன்பே அதற்கு விஷயம் விளங்கிவிடும். வகுப்பறைக்கு நமது பிள்ளை கொண்டுபோகும் அறிவு இது. பணம் கொடுத்து வாங்க முடியாதது.

பெயரில்லாத அந்தப் பெண்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவை நமது மேடைகளில் மக்கள் கவிஞர் என்று போற்றாதவர் இல்லை. 1971இல் நோபல் பரிசு பெற்றவர். 1973இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பறித்த 12 நாளில் மறைந்தவர். அதே நெரூதா இளவயதில், 1929 வாக்கில், கொழும்பில் சிலியின் தூதரக அதிகாரியாக இருந்தார். அவர் இறந்த பின் 1974இல் வந்த வாழ்க்கை நினைவுகளில் அந்த நாட்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. தினமும் அதிகாலையில் அவர் வீட்டு மலத்தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த பெண் ஒரு தமிழ்ப் பெண், தாழ்த்தப்பட்ட சாதியினள். அவளோடு பேச அவருக்கு மொழி இல்லை. ஒரு நாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து, அவள் விருப்பமின்றியே உடலை அடைந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவள் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை.

பல்லாயிரம் பேர் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனார்கள். 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரைச் சூட்ட யோசனை வந்தபோதுதான், சிலி நாட்டுப் பெண்கள் அந்தப் பக்கத்தைக் காட்டி எதிர்த்தார்கள். கவிதையைக் கொளுத்திவிடச் சொல்லவில்லை நாம். ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அவரது கவிதை நமக்கு வேண்டும். அந்தப் பக்கமும் நமக்குத் தெரிய வேண்டும். துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தால், அந்தப் பக்கத்தை அவள் புரட்டிவிட்டுப் போகமாட்டாள். யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு புத்தகத்தில் எது கண்ணில் படுகிறது என்பதும் அமைகிறது. நாம் அந்த வகுப்பில் இல்லாதவரை, நம்மைப் பற்றி எழுதியதையும் மற்றவர்தான் நமக்காகப் படித்துச் சொல்லுவார்கள்.

தமிழுக்கு இதில் என்ன?

தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் 'தாய்' எத்தனை தொழிற்சங்க அலுவலகங்களில் கை மாறியது என்பதை மூத்த தோழர்கள் அறிவார்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலியோர் மொழிபெயர்த்த புத்தகங்கள் தொழிலாளி கையிலிருக்கும் காசுக்கே கிடைத்தன. 1991இல் சோவியத் யூனியன் சிதறியது. அந்த ஊற்றும் நின்றது. இன்று தமிழில் வரும் ருஷ்ய, ஸ்பானிஷ் நூல்களில் மிகப்பல ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டே வருகின்றன. அப்படி மொழிபெயர்த்தவர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பாளன் விட்டது நமக்கும் விட்டதாகிறது. நேராகக் கொண்டுவர ஆள் வேண்டும். அந்த ஆள் நமது குடியிருப்பிலிருந்து ஏன் வரக்கூடாது?

சோறு போடுமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று நாம் வாக்குக் கொடுக்கமாட்டோம். எந்தப் படிப்புக்கும் இன்று அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. மொழிபெயர்ப்பு, கம்பெனிகளின் வெளிநாட்டுத் தொடர்பு வேலை, சுற்றுலா வழிகாட்டி, ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. ஸ்பானிஷ் சுமார் இருபது நாடுகளில் ஆட்சிமொழி. ருஷ்ய மொழியோ நமது தொழில் வரலாற்றோடு பிணைந்தது. 1955 ஒப்பந்தத்தில் எழுந்த பிலாய் உருக்காலை, நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையம், 1988இல் ஒப்பந்தமாகி 2013இல் மின்சாரம் தந்த கூடங்குளத்தின் முதல் உலை, எல்லாம் அந்த மொழிக்காரரின் துணையோடு வந்தவை. ஆனால் மூன்று மாதத்தில் அயல்மொழி, கையோடு வேலை என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் கறக்கும் கடைகளை நம்பாதீர்கள். மொழி மூன்று மாதத்தில் வருவதில்லை.

மொழி தெரியாததன் விலையையும் கணக்கில் சேருங்கள். நல்ல சம்பளத்தில் உதவியாளர் வேலை என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பி ருஷ்யா போன நமது நாட்டு இளைஞர்கள் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தி 2024இல் வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. கையெழுத்துப் போட்ட தாள் ருஷ்ய மொழியில் இருந்தது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. பிழைக்கப் போகிற மக்கள் நாம். ஒரு குடியிருப்பில் ஒருவருக்காவது அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்திருந்தால் எத்தனை பேரைத் தடுத்து நிறுத்தியிருக்கலாம்!

கதவைத் திறந்து வைப்பதும் போராட்டமே

இந்தக் கதவு தானாகத் திறந்திருப்பதல்ல. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் 2017-18 ஆண்டறிக்கைப்படி, அவ்வாண்டு சேர்ந்த மாணவரில் சுமார் 40 சதவீதம் பேரின் குடும்ப மாத வருமானம் 12,000 ரூபாய்க்கும் கீழே. 2019 அக்டோபரில் அங்கே ஒருவர் தங்கும் விடுதி அறையின் மாத வாடகையை 20 ரூபாயிலிருந்து 600 ஆக்கவும், அதன்மேல் மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம் வைக்கவும் முடிவெடுத்தார்கள். மாணவர் வீதிக்கு வந்த பிறகே ஒரு பகுதி இறங்கியது. "எங்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டுப் போராட்டமா?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற நாமும் வரி கட்டுவோர்தான். நமது வரிப்பணத்தில் நமது பிள்ளை படிக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

ஆகவே நமது சங்கத்தின் முன்னால் நாம் வைக்கும் யோசனைகள் இவை. முதலாவது, 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழக இளங்கலைச் சேர்க்கை 'கியூட்' பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடக்கிறது. எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் எழுத வேண்டும், கல்வி உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதைப் பதினோராம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல, கிளைதோறும் இருவர் பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவது, விடுதிக் கட்டண உயர்வை மாணவர் பிரச்சினை என்று ஒதுக்காமல், ரேஷன் விலையைப் போல் நமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, 2023இல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கி மொழிபெயர்ப்புக்கு மானியம் தரும் தமிழ்நாடு அரசு, மூலமொழியிலிருந்து நேராகத் தமிழாக்கும் இளைஞருக்குத் தனி ஒதுக்கீடு செய்யக் கோர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் இந்தப் படிப்பைக் கேட்டால், உடனே தலையாட்டவும் வேண்டாம், உடனே அடக்கவும் வேண்டாம். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.