நோயின் ஒலியை உங்கள் சொல்லிலேயே கூறுங்கள்

வீட்டில் "நெஞ்சு படபடவென்று அடிக்கிறது" என்று சொன்னவர், மருத்துவர் முன் அமர்ந்ததும் "பிபி போலிருக்கிறது" என்கிறார். "மூச்சு விடும்போது கீச்கீச்சென்று கேட்கிறது" என்று பாட்டியிடம் கூறிய தாய், எங்களிடம் "குழந்தைக்குச் சளி" என்று சுருக்கிவிடுகிறார். ஒலிக்குறிப்புச் சொற்கள் வீட்டுப் பேச்சுக்கே உரியவை, மருத்துவமனையில் அவற்றைச் சொல்வது நாகரிகமன்று என்னும் தயக்கமே இதற்குக் காரணம். அத்தயக்கம் வேண்டியதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

இலக்கணம் இச்சொற்களைத் தாழ்வாகக் கருதவில்லை. படபட, கடகட போன்றவற்றை 'இரட்டைக்கிளவி' எனக் குறிப்பிடும் தொல்காப்பியம், அவை பிரிந்து ஒலிப்பதில்லை என்று விதியும் வகுத்துள்ளது. மருத்துவமும் அவ்வாறே. 1816இல் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், நுரையீரலில் தாம் கேட்ட ஒருவகை ஒலியைச் சூடான சட்டியில் உப்பு பொரியும் ஒலியோடு ஒப்பிட்டார். இன்றைய மருத்துவ மாணவர்களும் இதய ஒலியை 'லப் டப்' என்றே கற்கின்றனர்.

சோதனைகள் பல இருக்கையில் சொல் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். எச்சோதனையை முதலில் செய்வது என்பதற்குப் பெரும்பாலும் நோயாளியின் சொல்லே வழிகாட்டுகிறது. மூச்சை வெளிவிடும்போது எழும் 'கீச்' ஒலி மூச்சுக்குழல் சுருங்கியிருப்பதைச் சுட்டக்கூடும். 'கர்கர்' என்பது சளி தேங்கியிருப்பதைச் சுட்டக்கூடும். 'சளி' என்ற பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஆகவே, வீட்டில் வாயில் வந்த சொல்லையே இங்கும் கூறுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் பேணுவோர், கேட்ட ஒலியையும் அது எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். படபடப்பைச் சொல்லால் விளக்க இயலாவிடில், மேசைமீது விரலால் தட்டிக் காட்டுங்கள். துடிப்பு சீரானதா, இடையிடையே தப்புகிறதா என்பதை அதிலிருந்து ஓரளவு அறியலாம்.

எங்களுக்கும் கடமை உண்டு. நீங்கள் கூறிய சொல்லை மாற்றாமல் நோய்க்குறிப்பில் எழுத வேண்டும். ஊர்வழக்கு விளங்காவிடில் மீண்டும் கேட்டறிய வேண்டும். நாங்கள் அவ்வாறு செய்யத் தவறினால், தயங்காது நினைவூட்டுங்கள்.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் மட்டும், சொல்லைத் தேடிக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.