உடல் உழைப்பாளியுடையது, கணிப்பின் பயன் யாருக்கு?

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் மருந்து பயன் தருமா என்பதைத் தொடக்கத்திலேயே படமெடுத்து அறிய இன்று வழி உண்டு. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோயில் இரண்டு சுற்று மருந்து முடிந்ததும் பெட்-சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை எந்தத் திசு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அது காட்டுகிறது. கட்டி சுருங்கும் முன்பே அதன் பசி அடங்கிவிட்டதா என்பது தெரிந்துவிடுகிறது. அவ்வாறு அடங்கியவர்களுக்கு நுரையீரலைக் கெடுக்கும் பிளியோமைசினை நிறுத்திவிடலாம் என்று 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

இதெல்லாம் ஏழை நாட்டுக்கு ஆடம்பரம் என்று உபதேசிப்போர் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றனர். பாறசாலையில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியும், நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரம் நெசவாளியும் பலனற்ற மருந்தை மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டால் இழப்பது பணத்தை மட்டுமா? கூலி நாட்களும் உடல் வலுவும் மாற்று மருந்துக்குரிய காலமும் சேர்ந்தே பறிபோகின்றன. முன்கூட்டியே அறிவது வசதி படைத்தோரைவிட இவர்களுக்கே அவசரத் தேவை.

ஆயினும், ஸ்கேனுக்குப் பயன்படும் புளோரின்-18 சுமார் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். அதைச் சேமித்து வைக்க இயலாது. எனவே கருவி எங்கே அமையும் என்பதைச் சந்தையிடம் விட்டால், இலாபம் உள்ள பெருநகரத்திலேயே அது நின்றுவிடும். பொதுத் திட்டமிடலும் பொது நிதியும் மட்டுமே அதை மக்களிடம் கொண்டுவரும். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்த 2.5 சதவீத ஒதுக்கீடோ ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் களமிறங்கியுள்ளன. அவற்றின் கணினி கற்பதற்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் படங்கள் வேண்டும். அவை குவிந்திருப்பது பொது மருத்துவமனைகளில். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆராய்ச்சி என்ற பெயரில் விலக்குக்கு வழி வைத்திருக்கிறது. இந்த ஆபத்து கற்பனையன்று. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல் 26 வாய்ப் புற்றுநோய் நோயாளிகளுக்குச் சோதனை மருந்து செலுத்தப்பட்டது. அந்த ஆய்வுக்குத் தனது நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லை என்றும், மருந்து விலங்குகளிடம் போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்றும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே 2001இல் ஒப்புக்கொண்டது. அன்று உடலைக் கேட்டவர்கள் இன்று உடலின் படத்தைக் கேட்கிறார்கள்.

ஒப்புதல் என்பது புரிந்து அளிப்பது. 1956 மொழிவழி எல்லைப் பிரிப்பில் கேரளத்தோடு நின்ற இக்கிராமங்களின் தமிழர்க்கு, அரசோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையைக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் அங்கீகரித்துள்ளது. மனுவுக்குரிய மொழி மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்துக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? களியக்காவிளையைத் தாண்டி வரும் குமரி மாவட்ட நோயாளிகளுக்கும் இது பொருந்தும்.

எனவே நாம் கோருவன மூன்று: மருத்துவர் பரிந்துரைக்கும் இடைக்காலப் பெட்-சிடி ஸ்கேன் பொது மருத்துவமனையில் இலவசமாக வேண்டும், ஒப்புதல் படிவம் தமிழிலும் வேண்டும், பொது மருத்துவமனைப் படங்களில் பயின்ற மென்பொருள் பொதுவுடைமையாகவே இருக்க வேண்டும். ஊராட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் தோழர்கள் இவற்றை உடனடியாக எழுப்ப வேண்டும். அறிவியல் மக்கள் உழைப்பில் விளைந்தது. அதன் அறுவடையும் மக்களுக்கே உரியது.