அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் குழுவில் ஒரு வீடியோ வந்தது. டெக்சாஸில் இருக்கும் என் மாணவர் ஒருவர் அனுப்பியது. ஒரு சின்ன ரைபிள், அதன் மேல் நீளமான ஸ்கோப், பச்சை வெளிச்சத்தில் பன்றிக் கூட்டம், நாலு வெடிச் சத்தம். கீழே எங்கள் பங்காளி வீட்டுப் பையன் எழுதியிருந்தான்: "பெரியப்பா, நம்ம மதுக்கரைக்கும் இதுதான் மருந்து. சின்னத் துப்பாக்கியில ஸ்கோப் மாட்டி, தோட்டக்காரங்க கையில குடுக்கச் சொல்லி மனுப் போடறோம். மொதல் கையெழுத்து நீங்க போடோணும்."

போடமாட்டேன் கண்ணு. ஏன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் பன்றிக்கு வக்கீல் இல்லை. போன போகத்தில் எங்கள் கடலைக்காட்டில் அரை ஏக்கர் ஒரே ராத்திரியில் போயிற்று. காலையில் போய்ப் பார்த்தபோது ஏர் ஓட்டிய மாதிரி கிடந்தது. உழுத கூலிகூட வரவில்லை. மலையடிவாரத்தில் பண்ணையம் பார்க்கிறவன் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். பன்றியைச் சுடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுட்டால் அது அங்கேயே சாக வேண்டும் என்கிறேன். சின்னத் துப்பாக்கியும் ஸ்கோப்பும் அதற்கு உத்தரவாதம் தராது.

இப்போது பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு வாருங்கள். இயக்க ஆற்றல், ½mv². மறந்திருக்கமாட்டீர்கள்.

22 ரைபிள் என்றால் குழலின் விட்டம் 0.22 அங்குலம், ஏறக்குறைய 5.6 மி.மீ. அதன் சாதாரணக் குண்டு 2.6 கிராம். வேகம் நொடிக்கு சுமார் 330 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 140 ஜூல் வரும். 160 கிராம் கிரிக்கெட் பந்தை 145 கி.மீ. வேகத்தில் வீசினால் 130 ஜூல். குண்டு ஊசி மாதிரி உள்ளே இறங்கும், பந்து இறங்காது. அந்த வித்தியாசம் உண்டு. ஆனாலும் கையில் இருக்கும் சரக்கு அவ்வளவுதான்.

வீடியோவில் இருந்தது 223. குழல் விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் மருந்து அதிகம். 3.6 கிராம் குண்டு நொடிக்கு 990 மீட்டரில் கிளம்பும்போது சுமார் 1,750 ஜூல். 300 மீட்டர் போவதற்குள் அதில் பாதிக்கும் மேல் காற்றிலேயே கரைந்துவிடும். பெரிய விலங்கு வேட்டைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் 30-06 ரைபிளோ 3,900 ஜூல் அளவில் கிளம்புகிறது. அமெரிக்காவிலேயே கொலராடோ மாநிலத்தில் 6 மி.மீட்டருக்குக் குறைந்த குழலால் மானைச் சுடக்கூடாது என்று சட்டம். சின்னக் குண்டால் சாகாமல் ஓடிப்போன மான்களைப் பார்த்துத்தானே அப்படி ஒரு சட்டம் போட்டிருப்பார்கள்?

நம் ஊர் ஆண்பன்றி 100 கிலோவைத் தாண்டும். அதன் தோள்பட்டைத் தோலுக்கு அடியில் கேடயம் மாதிரி ஒரு கெட்டித் திசுப்பட்டை. மற்ற ஆண்பன்றியின் கோரைப்பல்லைத் தாங்கவே இயற்கை கொடுத்தது. இதயம் அதற்குப் பின்னால், தாழ்வாக இருக்கிறது. கொஞ்சம் பின்தள்ளிப் பட்டால் குடலில் படும். குடலில் பட்ட பன்றி விழாது, ஓடும்.

"அதுக்குத்தானே ஸ்கோப்?" என்பாய். ஸ்கோப் உன் கண்ணைப் பன்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். குண்டு பழைய தூரத்தையேதான் கடக்க வேண்டும். 60 மீட்டரில் சுட யோசிக்கிறவனை 250 மீட்டரில் சுடத் துணியவைக்கிறதே, ஸ்கோப்பின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். முகப்பு லென்ஸ் 40 மி.மீ., பெருக்கம் 10 மடங்கு என்றால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மி.மீ.தான். இருட்டில் இளவட்டத்தின் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும். ஆக, பன்றி வரும் நேரத்தில் அந்தக் கண்ணாடி படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்குகிறது. பார்வை வட்டமும் சுருங்கிவிடும். பக்கத்து வரப்பில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவர் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பார். இரவில் பார்க்கும் கருவியே வாங்கினாலும் குண்டின் கணக்கு மாறாது.

22 தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். நம் தோட்டங்களில் எத்தனை சாளை, எத்தனை பேர் திண்ணையில் கட்டில் போட்டுத் தூங்குகிறார்கள்? தப்பிய குண்டு யார் வாசலில் இறங்கும் என்று மனு எழுதியவர்கள் யோசித்தீர்களா?

படித்த பையன் ஒருவன் கேட்டான்: "கரமோஜோ பெல் ஆப்பிரிக்காவுல 7 மி.மீ. துப்பாக்கியாலேயே நூத்துக்கணக்குல யானை சுட்டாரே சார்?" சுட்டார், உண்மை. ஆனால் அவர் யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று பாடம் படித்தவர். யானைக்கு மிக அருகில் போய்ச் சுட்டவர். அது யானை வேட்டையையே தொழிலாகச் செய்த ஒருவரின் கை. பகலெல்லாம் தண்ணீர் கட்டிவிட்டு ராத்திரி தூக்கக் கண்ணோடு பரண் ஏறும் நம் மச்சான்மார் கை அது இல்லை.

பெல்லை மேற்கோள் காட்டுகிறவர்கள் சம்பாவத்துப் புலியையும் நினைக்க வேண்டும். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907இல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எவனோ எப்போதோ சுட்டுக் கொல்லாமல் விட்ட காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரிடம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன்? எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர் நாட்டுத் துப்பாக்கியால் ஒரு பன்றியைச் சுட்டார். பட்டது, ஓடிவிட்டது. "எங்காச்சும் போய்ச் செத்துரும்" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் சோளக்காட்டில் தட்டு அறுக்கப் போன ஓர் அக்காவின் தொடையை அது கிழித்துவிட்டது. சாகும்வரை அவர் நொண்டித்தான் நடந்தார். சுட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 'எங்காச்சும்' என்று நாம் சொல்கிற இடத்தில் யாராவது ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார், கண்ணுகளா.

அவுட்டுக்காயும் இதே புத்திதான். பன்றிக்கு என்று வைப்போம், யானை கடிக்கும், தாடை சிதறித் தின்ன முடியாமல் நாள்கணக்கில் சாகும். 2020 மே மாதம் வாளையாருக்கு அந்தப்பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சினை யானை வெடியால் வாய் சிதறி ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததை உலகமே பார்த்தது. அதற்கு அழுதோமே, குடலில் குண்டோடு ஓடும் பன்றியின் வலி மட்டும் வேறா?

டெக்சாஸ் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். அங்கே வருஷம் முழுக்கச் சுடலாம். 2011இல் ஹெலிகாப்டரில் இருந்து சுடவும் சட்டம் போட்டுவிட்டார்கள். இன்றும் அங்கே 20 லட்சத்துக்கும் மேல் பன்றி இருப்பதாக அவர்களே மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு செய்தும் தீராதது, நாம் ஆளுக்கொரு சின்னத் துப்பாக்கி வாங்கினால் தீருமா?

நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது எல்லோருக்கும் தெரியும். காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டி வரும் பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். மலையை ஒட்டிக் காடு வைத்திருக்கும் நமக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது நியாயமான குறை. அந்தக் குறைக்கு மனுப் போடுங்கள். பிடிக்கும் கூண்டும் ஆளும் கேளுங்கள். சுடும் இடத்தில் விலங்கின் அளவுக்கு ஏற்ற ரைபிளும், காயம்பட்டதைத் தேடிப்போய் முடிக்கும் ஆளும் வேண்டும் என்று கேளுங்கள். முதல் கிலோமீட்டரில் பயிர் இழந்தவனுக்கு அடுத்த விதைப்புக்கு முன் இழப்பீடு கைக்கு வரவேண்டும் என்று கேளுங்கள். அதில் முதல் கையெழுத்து என்னுடையதுதான்.

கடைசியாக, ஆன்லைனில் ஸ்கோப் மாட்டிய ஏர்கன் வாங்கிவைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு. உரிமம் இல்லாமல் விற்கும் ஏர்கன்னின் உச்சவரம்பு 20 ஜூல். சின்னப் பையன் எறியும் பந்துக்கு இருக்கும் சக்தி. அதை வைத்துப் பன்றியைக் கொல்ல முடியாது, குருடாக்கலாம். கண் போன பன்றி உங்கள் காட்டிலேயேதான் சுற்றும், மாப்பிள்ளை. அங்கேதான் என் பேத்தியும் விளையாடுகிறாள். தயவுசெய்து அதை எடுத்து வையுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன். கணக்கோடு எழுதுங்கள். ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
மதுக்கரை